நாலடிப் பிள்ளை

எங்கள் சொந்தத்துக்குள் எந்தச் சாமான் குறைந்துபோனாலும் அதற்கு ஒரே பெயர்தான் இருந்தது: ‘மச்சானின்ர கணக்கு.’ கலியாண வீட்டில் கடைசிப் பந்திக்குப் பருப்பு முடிந்துவிட்டால் குசினிக்குள்ளிருந்து யாராவது சிரித்துக்கொண்டு அதைச் சொல்வார்கள். பங்குச் சுவாமிக்கு ஊற்ற வேண்டிய தேத்தண்ணீர் கேத்தலில் வற்றிவிட்டாலும் அதுதான். அந்த மச்சான் வேறு யாருமில்லை, என் அப்பா. பெயரை வைத்தவர் அம்மாவின் அண்ணா, அதாவது என் மாமா.

பெயர் சும்மா வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு அப்பா முன்னறைக்கு வெளிர்நீலப் பூச்சு அடித்தார். மூன்று சுவர் முடிய வாளியும் முடிந்தது. அதே நிறம் பிறகு எங்குமே கிடைக்கவில்லை. நாலாவது சுவரோடு அலுமாரியைத் தள்ளி வைத்துவிட்டு, வருகிற விருந்தாளிகள் அந்தச் சுவருக்கு முதுகு காட்டி இருக்கிற மாதிரிக் கதிரைகளைப் போட்டு வைத்தோம். மாமா மட்டும் வேண்டுமென்றே கதிரையைத் திருப்பிப் போட்டு, அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிப்பார்.

இப்போது யோசித்தால் பிழை அப்பாவில் இல்லை, அவர் பழகிய தொழிலில்தான். அப்பா பைபர் வள்ளம் திருத்துகிறவர். அந்த வேலையில் குறைவு என்ற பேச்சே கிடையாது. ஓட்டையை மூட வெட்டிய பைபர்த் துணி சின்னதாகப் போனால் பக்கத்தில் இன்னொரு துண்டை வைத்துப் பிசின் பூசி ஒட்டிவிடலாம். காய்ந்த பிறகு தேய்த்து மினுக்கினால் எது முதல் துண்டு, எது இரண்டாம் துண்டு என்று வள்ளத்துக்கே தெரியாது. உலகத்தில் குறைகிற எல்லாவற்றையும் இப்படிப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்றுதான் அப்பா நம்பியிருந்தார்.

கலியாணம் முடித்த பிறகு அவர் அந்தத் தொழிலை விட்டுவிட்டு, திருகோணமலை ரவுணில் இருந்த மாமாவின் ஹாட்வெயார் கடைக்குப் போனார். அம்மாவின் தகப்பன் தொடங்கிய கடை அது. அம்மாவும் மாமாவும் அதன் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில்தான் வளர்ந்தார்கள். கயிறும் வலையும் வள்ளப் பூச்சும் விற்கிற மூலை அப்பாவுடையது. தகரம் விற்கிற மேசை மாமாவுடையது. ஒரு கூரைக்கு எத்தனை தகரம் போகும் என்று கணக்குப் போடுகிற வேலையை மாமா வேறு யாருக்கும் விட்டதில்லை. ஆட்கள் வீட்டு அளவைச் சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், பிறகு கண்ணைத் திறந்து தொகையைச் சொல்வார். அதில் ஒருநாளும் பிழை வந்ததில்லை.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம் இறக்கக்கண்டியிலிருந்து ஒரு வள்ளக்காரர் கடைக்கு வந்தார். எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பா முந்தித் திருத்திக் கொடுத்த வள்ளம் ஒன்று இன்னும் அவரிடம் ஓடிக்கொண்டிருந்தது. “மாரிக்கு எங்கட பக்கம் கடலுக்குப் போக ஏலாது தம்பி. அந்த நேரம் ஒரு வள்ளத்தத் திருத்தித் தாங்க. அது சரி வந்தா மத்த வள்ளங்களும் ஒங்களுக்குத்தான்” என்றார். இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. மாரியில்தான் வள்ளங்கள் சும்மா கிடக்கும், மாரியில்தான் மழையும் பெய்யும். ஈரம் பட்டால் பிசின் இறுகாது. மழைக்கு முன் ஒரு கூரை நின்றால் அப்பாவுக்குச் சொந்தத் தொழில்; நிற்காவிட்டால் வள்ளம் வேறு ஆளிடம் போய்விடும், அப்பா திரும்பவும் கயிற்று மூலைக்குப் போகவேண்டியதுதான்.

அப்பா அன்றைக்கே கடைத் திறப்புக் கொத்தையும் கடைக்குச் சொந்தமான இரும்பு அளவு நாடாவையும் மாமாவின் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். மாமா கோபிக்கவில்லை. அதுதான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “கடல் தெரியாத இடத்தில வள்ளம் திருத்தப் போறீரோ மச்சான்? மாரி முடியத் திரும்பி வாரும், உம்மட மூலை அப்பிடியே கிடக்கும்” என்று சிரித்தாராம்.

கடல் தெரியாத இடம் என்றது சரிதான். நாங்கள் இருந்தது கப்பல்துறையில். பெயரைக் கேட்டு யாரும் நங்கூரத்தோடு வந்துவிட வேண்டாம். எங்கள் படலையில் நின்று பார்த்தால் தெரிவது கண்டி வீதியும் அதில் போகிற பஸ்சும்தான். ஆனால் வளவு பெரிது. வீட்டின் பக்கச் சுவரோடு சேர்த்து ஒரு பத்தி இறக்கினால் முழு வள்ளமும் உள்ளே அடங்கும் என்று அப்பா சொன்னார். சுவர்ப் பக்கம் உயர்ந்து முன்பக்கம் தாழ்கிற ஒற்றைச் சாய்ப்புக்கு எங்கள் ஊரில் பத்தி என்று பெயர். எனக்குத் தெரிந்த பத்தியோ கட்டுரையில் வருகிற பத்தி. அப்பா வள்ளத்தைப் பற்றி எழுதப் போகிறார் என்று நினைத்து, முதல் வரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளித் தொடங்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் மிகவும் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

இந்தச் சண்டையில் அம்மாவின் பாடுதான் பெரும்பாடு. ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் புருஷன். “அண்ணையிட்ட ஒருக்காக் கேட்டா என்ன? அவருக்குத் தகரக் கணக்குத் தெரியும்தானே” என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “உங்கட வீட்டுக் கணக்கு ஒண்டும் இந்தப் பத்திக்குள்ள வரக்கூடாது. கணக்கு நான் போடுறன்” என்றார். அம்மா தையல் மெசினுக்குத் திரும்பிவிட்டார். அவருக்கு வேறு வேலையும் இருந்தது. எனக்கு முருகன் உடுப்புத் தைத்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூட வாணி விழாவில் நான் முருகன். கத்தோலிக்க வேதக்காரப் பிள்ளை முருகனாக வருவதில் யாருக்கும் மறுப்பு இருக்கவில்லை. வகுப்பில் எல்லோரையும்விடக் கட்டையானவள் நான், பாலமுருகனுக்கு அந்தத் தகுதி போதும். ஒத்திகை நாளன்று நடன ரீச்சர் என் உச்சந்தலையில் கொண்டை கட்டினார். முடி காணாது என்று உள்ளே ஒரு பழைய காலுறையைச் சுருட்டி வைத்து, அதன்மேல் முடியை இழுத்துச் சுற்றினார். அன்றைக்குப் பார்த்துத்தான் பிள்ளைகளின் உயரமும் நிறையும் எடுக்க நேர்ஸ் அம்மா வந்தார். அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய கொண்டையை அவிழ்க்கச் சொல்ல யாருக்கு மனம் வரும்? அவர் உயரம் பார்க்கிற கட்டையைக் கொண்டையின்மேல் மெதுவாக இறக்கி வைத்து வாசித்தார். நூற்று இருபத்திரண்டு சென்ரிமீற்றர்.

பின்னேரம் ஓடிவந்து அதை அப்பாவிடம் சொன்னபோது தலையில் கொண்டையும் இல்லை, காலுறையும் இல்லை. அப்பா மனதுக்குள் பெருக்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, “அப்ப சரியா நாலடி!” என்று என்னைத் தூக்கிச் சுற்றினார். எனக்கு அது பெரிய பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது. வாசலால் போன ஆட்களிடமெல்லாம் “பிள்ளை நாலடி” என்று அப்பா சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா அரைகுறையாகக் கேட்டுவிட்டு, “பச்சைப் பிள்ளைக்கு ஏன் நாலடி? என்ன குழப்படி செய்தது?” என்று பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

அந்தச் சனிக்கிழமை அப்பா பத்திக்கு இடம் அளக்கத் தொடங்கினார். அளவு நாடா மாமாவின் மேசையில் கிடந்தது. புதிதாக ஒன்றை எந்தக் கடையில் வாங்கினாலும் அந்தச் செய்தி மாமாவின் காதுக்குப் போகும். “நாலடிப் பிள்ளை வீட்டில இருக்கேக்க நாடா என்னத்துக்கு?” என்றார் அப்பா. அவ்வளவுதான், நான் சுவரில் தலையை முட்ட வைத்து நிலத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்தேன். என் குதிக்கால் முடிகிற இடத்தில் அப்பா ஒரு கோடு கீறினார். எழும்பி அந்தக் கோட்டில் தலையை வைத்து மறுபடி படுத்தேன். எறும்பு கடித்தது, ஆனால் அசையவில்லை. அளவுகோல் அசையக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். நாலு பிள்ளை அகலம், ஆறு பிள்ளை நீளம். நாலு மூலைக்கும் கட்டை அடித்துவிட்டு, “பதினாறடிக்கு இருபத்திநாலடி” என்று அப்பா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு சாமானை வாங்குவதற்கு முன்பே அளந்தவரின் பெருமிதம் அவர் முகத்தில் இருந்தது.

சாப்பிடும்போது அம்மா சும்மா கதைபோல ஒன்று கேட்டார். சுவர்ப் பக்கம் எவ்வளவு உயரம் வரும், முன்பக்கம் எவ்வளவு வரும்? அப்பா உற்சாகமாகக் கையை மேலே தூக்கியும் கீழே இறக்கியும் காட்டிச் சொன்னார். அம்மா அவருக்கு இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றினார்.

மறுநாள் பூசைக்கு நானும் அப்பாவும் மட்டும்தான் போனோம். அம்மாவுக்குத் தலையிடி. நாங்கள் திரும்பி வந்தபோது தலையிடி மாறி, அம்மா முற்றத்தைக் கூட்டித் துப்புரவாக்கி வைத்திருந்தார். அம்மாவின் தையல் நாடாகூடத் தோய்த்துக் கொடியில் காயப்போட்டிருந்தது. அப்பா நேரே கட்டைகளைப் பார்க்கப் போனார். முன்பக்கக் கட்டைகள் இரண்டும் ஆடின, அவற்றைச் சுற்றி மண் கிளறுப்பட்டிருந்தது.

“ஆர் இதை அசைச்சது?”

“பக்கத்து வீட்டு ஆடு வந்து நிண்டது” என்றார் அம்மா.

அப்பா ஆட்டையும் ஆட்டுக்காரரையும் கொஞ்ச நேரம் திட்டிவிட்டு, கட்டைகளை நின்ற இடத்திலேயே இறுக்கி அடித்தார். நான் என் பெருமையை இன்னொருதரம் அனுபவிக்க ஆசைப்பட்டு, பூசைக்குப் போட்ட சட்டையோடேயே சுவரிலிருந்து படுக்கத் தொடங்கினேன். நாலாவது தரம் படுத்தபோது என் கால் கட்டையைத் தாண்டி ஒரு சாண் வெளியே போனது. நேற்று அளவாக நின்ற கால்! எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஒரே இரவில் வளர்ந்துவிட்டேன் என்று குசினிக்குள் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். “ஓம், வளந்திட்டாய். ஆனா அப்பாட்ட மட்டும் சொல்லாத, அவற்ர கணக்குக் குழம்பிப் போகும்” என்றார்.

திங்கட்கிழமை கடைக்குப் புறப்படும்போது அப்பாவுக்கு வாசலில் ஒரு தயக்கம் வந்தது. அவர் எடுக்கப் போவது நீட்டுத் தகரம். சொல்கிற நீளத்துக்கு வெட்டித் தருவார்கள், வெட்டினால் திருப்பி எடுக்கமாட்டார்கள். “இஞ்சரும், பிள்ளை நாலடிதானே?” என்று கேட்டார். அம்மா என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஒருதரம் பார்த்தார். “ஓம், நாலடிதான். ஒண்டும் மாத்தாமல் அப்பிடியே சொல்லுங்கோ” என்றார்.

அப்பா அப்படியே போய்ச் சொன்னார். இடம் பதினாறடிக்கு இருபத்திநாலடி. தகரம் மூன்றடி அகலம், ஆகவே எட்டுத் தகரம், ஒவ்வொன்றும் பதினாறடி. மாமா வழக்கம்போலக் கண்ணை மூடிக் கேட்டார், பிறகு கண்ணைத் திறந்து புன்னகைத்தார். தானே லொறியில் கொண்டுவந்து இறக்கித் தருவதாக மட்டும் சொன்னாராம்.

ஒரு கிழமைக்குள் கட்டைகள் நின்ற இடத்தில் தூண்கள் எழும்பின, மரச்சட்டங்கள் ஏறின. கூரை போடுகிற ஞாயிற்றுக்கிழமை மாமா தனியே வரவில்லை. மாமி, பிள்ளைகள், சொந்தக்காரர் நாலைந்துபேர் என்று ஒரு லொறிச் சனத்தோடு வந்தார். எங்கள் எட்டுத் தகரத்தையும் இறக்கிய பிறகும் படங்குச் சீலைக்குக் கீழே இன்னும் சில தகரங்கள் கிடந்தன. அவை நீளம் கூடினவை. அப்பாவுக்குக் குறைந்து போனதும் எடுத்துக் கொடுக்க மாமா பெருந்தன்மையோடு கொண்டுவந்தவை. அதை வாங்கிக்கொண்டால் அப்பா மறுகிழமையே கயிற்று மூலையில் நிற்பார் என்பது அங்கே வந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எட்டு வயது எனக்கும் தெரிந்திருந்தது.

மாமா ஒரு கதிரையை எடுத்து, பத்தியைப் பார்த்தபடி திருப்பிப் போட்டு இருந்தார். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார்.

“மச்சான் நிலத்த அளந்துபோட்டுக் கூரைக்குத் தகரம் எடுத்திருக்கிறார். சாய்வுக்கு எங்க? முன்னுக்கு நீட்டுற துண்டுக்கு எங்க? ஒரு தகரத்துக்கு மேல மற்றத் தகரம் ஏறுற இடத்துக்கு எங்க? ஒரு முழம் குறையும், இருந்து பாருங்கோ.”

ஏணியில் நின்ற அப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த மூன்றில் ஒன்றைக்கூட அவர் நினைக்கவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. தகரம் ஒட்ட முடியாத சாமான் என்பது அந்த நிமிடத்தில்தான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். என் அப்பாவைப் பார்த்து இவ்வளவு சனத்துக்கு முன்னால் சிரிக்கப் போகிறார்களே என்று எனக்கு அழுகை வந்தது. நான் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கக் கூடாதா என்று என்மேலேயே கோபமும் வந்தது.

“ஏத்திப் பாருங்கோ” என்றார் அம்மா, கையில் தேத்தண்ணீர்த் தட்டத்தோடு. “பிள்ளையை வச்செல்லோ அளந்தனீங்கள்.”

முதல் தகரம் ஏறியது. மேல் நுனியைச் சுவரோடு இறுக்கினார்கள். கீழ் நுனி சாய்வில் வழுக்கி வந்து, முன் சட்டத்தைத் தாண்டி, முக்கால் முழம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. குறையவில்லை! மாமா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “நீளம் சரி. அகலத்துக்கு என்ன செய்யப் போறார் பாப்பம்” என்றார், ஆனால் குரல் முந்திய குரல் இல்லை.

இரண்டாவது தகரம் முதல் தகரத்தின் ஓரத்தில் ஏறிப் படுத்தது. மூன்றாவது அதன்மேல். ஒவ்வொன்று ஏறும்போதும் கொஞ்சம் கொஞ்சம் அகலம் விழுங்கப்பட்டது, வானம் தெரிந்த இடம் ஒடுங்கிக்கொண்டு வந்தது. மாமி செபமாலையை வெளியே எடுத்துவிட்டார். யாருக்காகச் செபித்தார் என்று நான் கேட்கவில்லை. கடைசித் தகரத்தை அப்பாவே தூக்கி வைத்தார். அது ஓரச் சட்டத்தை மூடி, நாலு விரல் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. ஒரு துண்டு மிச்சமில்லை, ஒரு துண்டு குறையவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணர் தகரத்தில் மேளம் அடித்தார். நான் முருகன் ஆட்டத்தை உடுப்பில்லாமலே ஆடினேன். மாமா எழும்பி, தன் இரும்பு நாடாவோடு ஏணியில் ஏறி, சாய்வையும் நீட்டையும் ஓரத்தையும் அளந்துவிட்டு இறங்கி வந்தார்.

“எல்லாத்தையும் சேத்தே கணக்குப் போட்டனீர் மச்சான்?”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

“பின்ன?” என்றார்.

அந்த ஒரு சொல்லை அப்பா சொன்ன அழகை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வருகின்றன. மாமாவும் கெட்டவரில்லை. தோற்றதைத் தோற்றதாக ஏற்றுக்கொண்டு அப்பாவின் தோளில் தட்டினார், இரண்டுதரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். பின்னேரம் அந்த நீளத் தகரங்கள் லொறியில் சடசடவென்று அடித்துக்கொண்டு கண்டி வீதியால் திரும்பிப் போயின. அந்தச் சத்தம் வளைவு தாண்டும்வரை அப்பா படலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கிழமையே மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுந்த மழையில் வீட்டுக்குள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. ஆனால் பத்திக்குள் ஒரு சொட்டு விழவில்லை. நானாவின் வள்ளம் பெரிய லொறியில் ஏறி, இறக்கக்கண்டியிலிருந்து மழைக்குள்ளால் வந்து எங்கள் படலையில் நின்றது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளெல்லாம் பின்னால் ஓடிவந்தார்கள். நானா லொறியிலிருந்து இறங்கி, “கப்பல்துறைக்குக் கடைசியா ஒரு கப்பல் வந்திட்டுது தம்பி!” என்று சத்தம் போட்டார். சொன்னபடி மற்ற வள்ளங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அப்பா பிறகு ஒரு நாளும் கயிற்று மூலைக்குப் போகவில்லை. இன்றைக்கும் அந்தப் பத்திக்குள் ஏதாவது ஒரு வள்ளம் கவிழ்ந்து கிடக்கிறது.

‘மச்சானின்ர கணக்கு’ என்ற பேச்சு நிற்கவில்லை, அர்த்தம்தான் தலைகீழாக மாறியது. பந்தியில் கடைசி ஆள் எழும்பும்போது சோறும் சரியாக முடிந்தால் இப்போது அதைத்தான் சொல்கிறார்கள். மாமாகூடத் தகர மேசையில் இருந்துகொண்டு ஆட்களிடம் சொல்வாராம். அப்பா மட்டும் யார் கேட்டாலும் என்னைத்தான் காட்டுவார். “என்ர பிள்ளைதான் அளவுகோல்” என்பார். அம்மா பக்கத்தில் நின்று, ஓம் ஓம் என்று தலையாட்டுவார்.

நானும் அதை அப்படியே நம்பினேன். வீட்டில் அளவு நாடா இல்லை என்று அப்பா சொன்னபோது, அம்மாவின் தையல் மெசின் லாச்சிக்குள் ஒன்று எப்போதும் கிடந்தது அவருக்கும் நினைவு வரவில்லை, எனக்கும் வரவில்லை. முருகன் உடுப்புக்காக அதே நாடாவால் என்னை அந்தக் கிழமைதான் அம்மா வெறுங்காலோடு நிறுத்தி அளந்திருந்தார். நான் நாலடிக்கு எவ்வளவு குறைவு, அதனால் அப்பா அளந்த இடம் பதினாறடிக்கு எவ்வளவு குறைவு என்று அந்த வீட்டில் ஒருவருக்குச் சரியாகத் தெரியும். தகரக் கடையில் பிறந்து வளர்ந்த அவர், தன் வீட்டுக் கணக்கை ஒரு சொல்லும் பேசாமல் அப்பாவின் பத்திக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, வெற்றியை முழுதாக அப்பாவிடமே விட்டுவிட்டார்.

கொடியில் தொங்கிய நாடாவைக் காட்டி, அதை ஏன் தோய்த்தீர்கள் என்று அன்றைக்குக் கேட்டேன். “மண் பிரண்டு போச்சு” என்றார் அம்மா. சட்டைத் துணி அளக்கிற நாடாவில் முற்றத்து மண் எப்படிப் பிரண்டது என்றும், இரண்டு கட்டைகளையும் ஒரே நேர்கோட்டில் ஒரே சாண் நகர்த்துகிற ஆடு எங்கே இருக்கிறது என்றும் கேட்கிற அளவுக்கு நான் அப்போது வளர்ந்திருக்கவில்லை.